கை தூக்கினால் ஆமாம்

பிப்ரவரி 3
வெப்பநிலை: 99.1. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நோயாளிக்குத் துணை இருக்கப்போகிறவர் தினமும் தன் உடம்பைப் பற்றி மேல் வரியில் எழுத வேண்டுமாம். தொடர்ந்து மூன்று நாள் இருமல் இல்லை என்றால்தான் உள்ளே அனுமதி. என் மனைவி சுகந்திக்கு எலும்பு மஜ்ஜை மாற்றப்போகிறார்கள். இனி ஒரு மாதத்துக்கு அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் இருக்காது. எனக்கு வந்திருக்கும் சாதாரணச் சளி அவளுக்கு எமன். அதனால் என் இடத்தில் அவள் அக்கா மகேஸ்வரி உள்ளே போனார். மேல் வரி போக மிச்சப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. வீட்டிலும் பேச ஆள் இல்லை. எழுதுகிறேன்.

வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சுகந்தி கேட்டது ஒன்றே ஒன்று.

"மாமா, தோட்டத்தக் காயப் போட்றாதீங்க."

தோட்டம் என்றால் கம்ப்யூட்டர் கேமில் உள்ள தோட்டம். பிப்ரவரி ஒன்றாம் தேதி இருபத்துநாலு பீச் மரக்கன்று வைத்திருக்கிறாள். சௌரிபாளையத்தில் இரண்டு ரூம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பீச் மரம்! காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு மரத்தின் மேலும் க்ளிக் செய்து தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு வேளை விட்டால் பட்டுப்போகும். நாற்பது நாளில் காய்க்கும்.

"நான் திரும்பி வர்றப்ப காய் இருக்கோணும். ஊத்துவீங்களா?"

கை தூக்கினேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் காதில் ஹெட்போனோடு வேலை பார்ப்பேன். சமையல்கட்டிலிருந்து "காப்பி வேணுமா?" என்பாள். திரும்பாமலே கையைத் தூக்குவேன். கை தூக்கினால் ஆமாம். தூக்காவிட்டால் காதில் விழவில்லை. இல்லை என்பதற்கு எங்கள் வீட்டில் சைகையே கிடையாது. கேமில் எங்களுக்கு ஆளுக்கொரு பொம்மை உண்டு. அங்கேயும் அப்படித்தான். அவள் ஏதாவது டைப் அடிப்பாள், நான் கை அசைக்கும் பொத்தானை அமுக்குவேன். பத்து வருஷத்தில் நான் அதில் ஒரு வரி அடித்ததில்லை.

பிப்ரவரி 4
வெப்பநிலை: 99.0. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

மூன்று மணிக்கு ஒருதரம் இருபத்துநாலு க்ளிக். சொல்வது சுலபம். ஆபீஸ் வேலை வீட்டிலிருந்துதான் என்றாலும் மீட்டிங் மேல் மீட்டிங். பன்னிரண்டு மணித் தண்ணீரை விட்டுவிட்டேன். அடுத்த வேளைக்குப் போனபோது இலையெல்லாம் மஞ்சள்.

இதற்கென்ன, ப்ரோகிராம் எழுதினால் தீர்ந்தது. மென்பொருள் சோதனைதான் என் பிழைப்பு. அடுத்தவன் ஸ்கிரீனில் ஆள் இல்லாமல் பொத்தானை அமுக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

பிப்ரவரி 5
வெப்பநிலை: 98.8. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

மானம் போயிற்று. நேற்று எழுதிய ப்ரோகிராம் நிஜமான மவுஸையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது மணி பன்னிரண்டானது. என் அம்புக்குறி துள்ளிப்போய் மீட்டிங் விண்டோ மேலேயே இருபத்துநாலு தரம் க்ளிக் செய்தது. நான் வெளியே போனேன், திரும்ப உள்ளே வந்தேன், மைக் திறந்தது, மூடியது.

"தனபால், உடம்பு சரியில்லீன்னா லீவு போடுங்களேன்" என்றார் மேனேஜர்.

"அதெல்லாம் இல்லீங் சார், நெட்டு பிரச்சினை" என்றேன்.

பிப்ரவரி 6
வெப்பநிலை: 98.6. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

சரியாகிவிட்டது! மவுஸைத் தொடவே கூடாது. திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் உள்ளுக்குள் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்து, "உன் மேல் இன்ன இடத்தில் க்ளிக் விழுந்தது" என்று சேதி அனுப்பினால் போதும். விழாத க்ளிக்கை விழுந்ததாக அது நம்பிக்கொள்ளும். ஆனால் இந்தக் கேம் லேசில் ஏமாறவில்லை. முதலில் அம்புக்குறி அங்கே வந்ததாக ஒரு சேதி, பிறகு பொத்தான் அமுங்கியதாக, எண்பது மில்லிசெகண்ட் விட்டு எழுந்ததாக என்று வரிசையாக அனுப்பிய பிறகுதான் மசிந்தது. விண்டோவைச் சுருக்கி வைத்தால் வேலை செய்யாது. மற்ற விண்டோக்களுக்குப் பின்னால் கிடக்கலாம்.

இப்போது முன்னால் என் ஆபீஸ் வேலை, பின்னால் தோட்டம். என் மவுஸ் என் கையில். அது பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. நாள் முழுக்க நான் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டியதில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்த திருப்தி.

பிப்ரவரி 9
வெப்பநிலை: 98.4. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

காலையில் சுகந்தி வீடியோவில் பேசினாள். மொட்டைத் தலையில் பச்சைத் துணித் தொப்பி. நேற்று மஜ்ஜை ஏற்றிவிட்டார்களாம். பத்து நிமிஷம் பேசினோம். அவள்தான் பேசினாள்.

"மரமெல்லாம் எப்பிடி மாமா?"

"மரத்துக்கென்ன, ஜம்முன்னு இருக்குது."

"நேரத்துக்கு ஊத்தறீங்களா? இல்ல, ஆளு வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

கையைத் தூக்கிக் காட்டினேன். எதற்குத் தூக்கினேன் என்று அவளும் கேட்கவில்லை.

சாயங்காலம் ப்ரோகிராமில் இரண்டு சேர்த்தேன். ஒரே இடத்தில், ஒரே நேரத்துக்கு க்ளிக் விழுந்தால் ஆள் இல்லை என்று கேம்காரன் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடுவான். அதனால் இடத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன், நேரத்தைச் சில நிமிஷம் முன்பின் ஆக்கினேன். அரை மணி அசையாமல் நின்றாலும் வெளியே தள்ளுவான். அதற்காக, பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் கை அசைக்கும் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது பார்க்கிறவனுக்கு அசல் மனுஷன்தான்.

குப்பை கொட்டப் போனபோது அடுத்த வீட்டு ஃபிலோமினா டீச்சர், "இருமல் நின்னுருச்சாட்ட இருக்குது தம்பி? ராத்திரி சத்தமே காணோம்" என்றார். டீச்சருக்கு வயசாயிற்று, காது மந்தம்.

பிப்ரவரி 11
வெப்பநிலை: 98.4. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

மகேஸ்வரி அக்கா போன் செய்தார். சுகந்திக்கு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை, பேச முடியவில்லை. போனை அக்காதான் வைத்துக்கொண்டிருக்கிறார். சுகந்தி கையில் டேப்லட் மட்டும்.

"எந்நேரமும் அந்தத் தோட்டத்துலதான் மாப்ள ஒக்காந்திருக்கறா. நீங்க கரெக்டா தண்ணி ஊத்தறீங்களாமா. உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா."

"அதுக்கென்னங்க்கா" என்றேன். ஒரு மாதிரி இருந்தது. வீட்டுத் தண்ணீர் கேனை இரண்டு இரண்டாக மூன்று மாடிக்கும் தூக்கி வந்தேன். மூச்சு வாங்கவில்லை.

பிப்ரவரி 12
வெப்பநிலை: 98.4. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

பிப்ரவரி 14
வெப்பநிலை: 98.2. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

அக்காவின் வாய்ஸ் மெசேஜ். "மாப்ள, இன்னைக்கு என்ன சொன்னீங்க அவகிட்ட? என்னமோ டைப் அடிச்சாளாம், நீங்க கை தூக்குனீங்களாம். வாய்ப்புண்ணோட சிரிக்கறா, கண்ணுல தண்ணி ஊத்துது. என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டீங்கறா."

நான் கை தூக்கவில்லை. ப்ரோகிராம் தூக்கியிருக்கும். அவள் என்ன அடித்தாள் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஐந்து மணிக்கு ஆபீஸில் ஒரு மென்பொருள் ரிலீஸ் இருந்தது. பார்க்கவில்லை. சிரித்தாள் அல்லவா? நல்லதுதானே. போய் உண்மையைச் சொல்லி அந்தச் சிரிப்பையும் கெடுப்பானேன்?

பிப்ரவரி 16
வெப்பநிலை: 98.4. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

நேற்றிலிருந்து சுகந்திக்குக் காய்ச்சல். நுரையீரலில் கிருமி இருக்கலாம் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெனிஃபர் என்ற நர்ஸ் கூப்பிட்டார். தினமும் மேல் வரியைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவர்தான்.

"பதிமூணு நாளாச்சுங் சார். இன்னுமா இருமல்?"

"அலர்ஜியா இருக்குமுங்க."

"அப்ப டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க. இல்லீன்னா ஒண்ணு பண்ணுங்க. ரூம் கதவுல கண்ணாடி இருக்குது. மாஸ்க் போட்டுட்டு வெளிய நின்னு பாக்கறதுக்கு அனுமதியெல்லாம் வேண்டியதில்ல. நெறையப் பேரு அப்பிடித்தான் வர்றாங்க."

"வேலைய முடிச்சிட்டு வர்றனுங்க" என்றேன்.

ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, போய்விட்டு வர அரை நாள் ஆகிவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்து யாருக்கு என்ன குணமாகப்போகிறது?

எனக்கு இருபத்திரண்டு வயதில் அம்மாவுக்குத் துணை நான்தான். கடைசி நாலு நாள். "வூட்டுக்குப் போலாம் சாமி, கூட்டிட்டுப் போ" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னவோ ஞாபகம் வந்தது, எழுதினேன்.

பிப்ரவரி 19
வெப்பநிலை: 98.4. இருமல்: உண்டு. அனுமதி: இல்லை.

பதினொன்றரைக்கு அக்கா கூப்பிட்டார். சுகந்திக்கு மூச்சு முட்டுகிறது. தொண்டையில் ட்யூப் போட்டு மெஷினில் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். போட்டால் மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள், எழுப்புவது எப்போது என்று தெரியாது.

"நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாப்ள. அவ வாசலையே பாக்கறா."

"இருமல் இருக்குதேங்க்கா."

"சரி, அவகிட்டச் சொல்றன்" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை க்ளையண்ட் டெமோ. அதன் பிறகு சட்டை மாற்றினேன். வண்டிச் சாவியை எடுத்தேன். திரும்ப ஆணியிலேயே மாட்டினேன். டாக்டர்கள் வேலை செய்யும் இடத்தில் நான் போய்க் குறுக்கே நிற்பானேன்?

ஐந்தரைக்கு மறுபடி அக்கா. மூச்சிரைக்கப் பேசினார். "எங்க மாப்ள இருக்கறீங்க? இப்பத்தான் ட்யூப் போட்டாங்க. நீங்க வர்றீங்க, வந்தப்புறம் போடுங்கன்னு மத்தியானத்துலிருந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டே கெடந்தா."

"நான் வர்றேன்னு எப்பங்க்கா சொன்னேன்?"

"நீங்க சொன்னதாத்தான் சிலேட்டுல எழுதிக் காமிச்சா."

"நான் சொல்லவே இல்லீங்க்கா."

அக்கா போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லாததைச் சொன்னேன் என்றால் எப்படி? காய்ச்சல் வேகத்தில் ஏதோ உளறியிருப்பாள், பாவம்.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருமல் பரவாயில்லை. மெஷின் வார்டில் நோட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. சுகந்தி கண்மூடிக் கிடந்தாள். முகத்தில் பாதியைப் பிளாஸ்திரி மறைத்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். அவள் பார்க்காதபோது நிற்க முடிந்தது.

டாக்டர் நல்ல மனுஷன். "மத்தியானமே போட்டிருந்தா கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. பேஷண்ட் உங்களப் பாக்காம சம்மதிக்கவே மாட்டேன்னுட்டாங்க" என்றார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 23

காலை பத்து நாற்பதுக்குச் சுகந்தி போய்விட்டாள்.

மார்ச் 11

கருமாதி முடிந்தது. சொந்தபந்தமெல்லாம் கிளம்பியாயிற்று. பாத்திரம் கழுவினேன். அவள் துணிகளை என்ன செய்வது என்று அக்காவைக் கேட்கப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நாளை மறுநாள் ஆபீஸ் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

மார்ச் 13

லேப்டாப் அன்றிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. காலையில் ஆபீஸ் விண்டோக்களை ஒவ்வொன்றாக மூடினேன். கடைசியில் பின்னாலிருந்து தோட்டம் வந்தது. இருபத்துநாலு மரமும் காய்த்திருக்கிறது. கிளை வளைந்து தொங்கும் அளவுக்குக் காய். நடுவில் என் பொம்மை நின்றுகொண்டு, நான் பார்க்கப் பார்க்கவே ஒருதரம் கை அசைத்தது.

இடப்பக்கம் பேச்சுப் பெட்டி. அவள் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் அடிப்பாள். இங்கே நான் தமிழில் எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் எழுத என்னால் முடியவில்லை.

பிப்ரவரி 10: "மாமா, வாயெல்லாம் புண்ணு. போனை அக்கா பாக்கறா, அதனால இங்க அடிக்கறேன். நீங்க டைப் பண்ண மாட்டீங்கன்னு தெரியும். நீங்க தண்ணி ஊத்துங்க, நான் சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

பிப்ரவரி 12: "இன்னைக்கு ஒம்பது மணித் தண்ணி ஏழு நிமிஷம் லேட்டு. தூங்கிட்டீங்களா? தோசை கீது சுட்டுட்டு இருந்தீங்களா? அந்த ஏழு நிமிஷம் எனக்கு உசுரே இல்ல மாமா."

அந்த ஏழு நிமிஷத்தை ப்ரோகிராமில் நான்தான் கலைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14: "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. இருமல் பொய்தானே? ஒம்பதாந்தேதி வீடியோல பத்து நிமிஷம் இருந்தீங்க, ஒருக்கா கூட இருமலையே. நான் அக்காகிட்டச் சொல்லல. அத்தை ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னையப் பாக்கப் பயமா இருக்குதா மாமா?"

அதன் கீழே கேம் தானாகப் போட்ட வரி: தனபால் கை அசைக்கிறார்.

"அப்பாடா, ஒத்துக்கிட்டீங்களே! எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் பயந்துட்டே தண்ணி ஊத்தலாம் போங்க."

அதற்குத்தான் சிரித்திருக்கிறாள்.

பிப்ரவரி 19, பகல் 11.52: "மாமா, ட்யூப் போட்டா அப்பறம் பாக்க முடியுமோ என்னமோ. உள்ள வர வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னாப் போதும். ஒரு நிமிஷம். வர்றீங்கன்னா கை தூக்குங்க."

12.04: தனபால் கை அசைக்கிறார்.

12.05: "நெசமா?"

12.19: தனபால் கை அசைக்கிறார்.

12.20: "எத்தனை மணிக்குன்னு கேட்டா அதுக்கும் கையத்தான் தூக்குவீங்க. சரி, மெதுவா வாங்க, அவசரமா வண்டி ஓட்டாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் ட்யூப் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

3.14: "இப்பத்தான் தண்ணி ஊத்தறீங்க. இன்னும் கெளம்பலையா? லேப்டாப்பத் தூக்கிட்டு வர்றீங்களோ?"

4.50: "மாமா"

5.02: தனபால் கை அசைக்கிறார்.

அதற்கு மேல் அவள் வரி இல்லை. கை அசைக்கிறார், கை அசைக்கிறார் என்று இருபத்திரண்டு நாளைக்கு என் பெயர் மட்டும் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது. அவளை எரித்த நேரத்துக்கும் ஒரு வரி இருக்கிறது.

நான் அழுதேன். சத்தம் கேட்டு ஃபிலோமினா டீச்சர் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. ஐயோ, ஒன்பது கிலோமீட்டர்தானே. நடந்தே போயிருக்கலாமே.

ப்ரோகிராமை நிறுத்தினேன். ஒன்பது மணித் தண்ணீரை என் கையால் ஊற்றினேன். இருபத்துநாலு க்ளிக். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு இந்த நோட்டைப் பின்னால் புரட்டி, பிப்ரவரி ஒன்பதிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரியை அடித்துத் திருத்தினேன். கடைசியாகத் திருத்தியது இது:

பிப்ரவரி 19
வெப்பநிலை: 98.4. இருமல்: இல்லை. அனுமதி: உண்டு.